கிழக்குப் பார்த்த கூடாரம்

ஆரணி, கவின்... இந்த வாரம் முதல் வரி உங்கள் இரண்டு பேருக்கும்தான். வழக்கமாக இந்தப் பக்கத்தை வாசிக்கும் மற்றப் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

போன சனிக்கிழமை நான் தனியாக ஐஸ் மீன் பிடிக்கப் போன கதையை நீங்கள் அரைவாசிதான் கேட்டீர்கள். மீதியை உங்கள் அம்மா சிரித்துச் சிரித்தே கெடுத்துவிட்டார். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

கதை தொடங்கியது உங்களால்தான். வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை தகப்பனோடு உறைந்த ஏரிக்குப் போய், ஐஸில் துளை போட்டு, மீன் பிடித்து வந்ததாம். உடனே வீட்டில் தொடங்கிவிட்டீர்கள். "வின்டர்ஃபெரிக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா." குளிர்கால விடுமுறை முழுவதும் இந்த நோர்வேக் குளிரில், ரொம்மனில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க யாருக்குத்தான் விருப்பம்?

அம்மா மட்டும் மசியவில்லை.

"நீங்கள் இதுவரைக்கும் ஐஸிலை நடந்தது பஸ் ஸ்ராண்டுக்கு மட்டும்தான். முதல் தனியப் போட்டு முழுசா வாங்கோ. பிறகு பிள்ளையளைப் பற்றிக் கதைப்பம்."

நியாயமான பேச்சு. ஆகவே பிள்ளைகளே, அந்தச் சனிக்கிழமை நான் பிடிக்கப் போனது மீனை அல்ல. உங்கள் விடுமுறையை.

காற்றுத்தான் பெரிய பிரச்சினை என்று வேலையிடத்தில் சொன்னார்கள். உறைந்த ஏரி என்பது மரமோ மதிலோ இல்லாத வெளி. பெரியவர்கள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் பேசாமல் இருப்பார்கள். ஏழு வயதுக் கவின் இருப்பானா? கூடாரம் வேண்டும். கையில் கொண்டுபோய் விரித்து, பிறகு மடித்துக்கொண்டு வரக்கூடிய கூடாரம்.

கடைக்கு ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் என் கண் நாலு பேர் இருக்கும் பெரிய கூடாரத்தில் விழுந்தது. சின்ன மண்டபம் மாதிரி நின்றது.

"அப்பா, நீங்கள் தனியத்தானே போறீங்கள்?" ஆரணி கேட்டாள்.

"ஆக்கள் வந்தால்?"

"ஐஸுக்கு மேலையோ?"

சிரிக்காதீர்கள். நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒரு அறை கூடுதலாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். ஏன்? ஆட்கள் வந்தால்... நாங்கள் எங்களுக்காக வீடு வாங்குவதில்லை. வரப்போகிறவர்களுக்காக வாங்கி, அவர்கள் வரும்வரை அதில் குடியிருக்கிறோம்.

கடைப் பையன் விவாதம் செய்யவில்லை. கட்டி வைத்திருந்த அந்தப் பெரிய பொதியை ஒரு பல்க்கில் ஏற்றினான். பல்க் என்றால் பனியில் இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்குவண்டி. கயிற்றை என் கையில் தந்தான். "கார் நிறுத்துமிடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்" என்றான்.

வெளியே நல்ல பனி. மிடுக்காகத்தான் புறப்பட்டேன். கடையின் மூலை திரும்புவதற்குள் மிடுக்கு இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது நான் பொதியை இழுத்தேனா, பொதி என்னைப் பிடித்து வைத்திருந்ததா என்று தெரியவில்லை. ஆரணி கதவடியில் நின்று பார்த்தாள். அந்தப் பார்வை அம்மாவுடையது.

குடை மாதிரி விரியும் இன்னொரு வகையும் இருந்தது. பாரம் குறைவு. ஆனால் நாலு சுவரையும் ஒவ்வொன்றாக இழுத்து விரிக்க வேண்டும். தனி ஆள் காற்றில் ஒரு சுவரைப் பிடித்தால் மற்றதை யார் பிடிப்பது? கொண்டு போக வேறு பல்க்கும் வேண்டும்.

கடைசியில் எடுத்தது இரண்டு பேருக்கான கூடாரம். அதன் அடிப்பகுதியே பல்க். பயணத்தில் சாமான் அதற்குள். போய்ச் சேர்ந்ததும் உள்ளே இருக்கும் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, குழந்தை வண்டியின் மூடியை இழுப்பதுபோல் துணியைத் தலைக்கு மேலால் இழுத்துவிட்டால் வீடு தயார். இரண்டு பேருக்கு என்று எழுதியிருந்தது. நீங்கள் ஒடுங்கி இருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் போதும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஒரு பாடம் சொல்வேன். தனியாகப் போகிறவன் கூடாரத்தைக் கண்ணால் தெரிவு செய்யக் கூடாது. முதுகால் தெரிவு செய்ய வேண்டும்.

கயிறு மட்டும் என் விருப்பம். ஒரு முழுச் சுருள் வாங்கினேன். கூடாரத்தோடு வந்த கயிறு கட்டை. இறக்கத்தில் பல்க் வந்து குதிக்காலில் இடிக்கும் என்று வேலையிடத்தில் எச்சரித்திருந்தார்கள். நல்ல நீளமாக வெட்டி முடிந்தேன்.

அம்மா பார்த்தார். "உவ்வளவு நீளமோ? பட்டம் ஏத்தப் போறீங்களோ?"

சில வாய்களில் கரிநாக்கு இருக்கிறது.

சனி காலை. ரொம்மன் மெற்றோ நிலையம்வரை நடைபாதையில் சிறு கல் தூவியிருந்தார்கள். பல்க் போட்ட சத்தத்தில் மாடிகளில் திரைச்சீலைகள் விலகின. நிலைய மேடையில் சிவம் அண்ணை நின்றார். எங்கள் கட்டிடத்தில்தான் இருக்கிறார். காலை வேலைக்குப் போகிறார்.

"என்ன தம்பி, வீடு மாறுறியோ?"

"ஓம் அண்ணை. வெஸ்ட்லிப் பக்கம்."

"எத்தினை அறை?"

"ஒண்டு. ஹோல் இல்லை."

"பால் காய்ச்சியாச்சோ?"

"இனித்தான். சாமான் எல்லாம் கொண்டு போறன்."

பகிடி இல்லை, உண்மை. பையில் ஒரு பெட்டிப் பால், சின்னப் பாத்திரம், சின்ன காஸ் அடுப்பு எல்லாம் இருந்தன. அம்மாதான் வைத்துவிட்டார். "உதுவும் ஒரு வீடுதானே. பால் காய்ச்சாமல் உள்ளுக்கை இருக்காதேங்கோ." ஒருவர் வீடு என்று சொன்னால் மற்றவருக்கு மனம் அந்தப் பக்கமே ஓடும் அல்லவா? எனக்கும் ஓடியது. அதுதான் வினை.

வெஸ்ட்லியில் மெற்றோ முடியும். அங்கிருந்து காட்டுப் பாதை. கையால் இழுத்தேன், தோள் இறங்கியது. கயிற்றைப் பழைய பாக் பட்டியில் கட்டி இடுப்பில் மாட்டினேன். அதுதான் சரி. இழுப்பது கை அல்ல, இடுப்பு. ஏற்றத்தில் முன்னால் சாய்ந்தால் போதும். ஐஸில் துளை போடும் துறப்பணத்தை முதலில் எல்லாவற்றுக்கும் மேலே கட்டியிருந்தேன். ஒரு வளைவில் பல்க் குப்புறக் கவிழ்ந்தது. பாரத்தை அடியில் வைத்துத் திரும்பக் கட்டினேன். அதன் பிறகு என் சொல் கேட்டது.

மரங்கள் விலகி ஏரி தெரிந்தபோது... எப்படிச் சொல்வது? வெள்ளைத் தாளில் யாரும் இன்னும் ஒரு எழுத்தும் எழுதவில்லை. தூரத்தில் ஒருவர் மட்டும் வாளியில் இருந்தார். பக்கத்தில் ஒரு நாய். கழுத்தில் இரண்டு கூர்ப்பிடிகளை மாட்டிக்கொண்டேன். ஐஸ் உடைந்தால் ஊன்றி ஏறுவதற்கு. கரையில் துளை போட்டுத் தடிப்புப் பார்த்தேன். லொறியே போகலாம் போல இருந்தது. அம்மாவுக்கு அழைத்து, வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நடுப்பக்கம் போனேன்.

கடைப் பையன் தெளிவாகச் சொல்லியிருந்தான். கூடாரத்தின் முதுகு காற்றுக்கு. முதலில் மூலைகளை ஐஸ் ஆணியால் முறுக்கு. பிறகுதான் துணியை இழு.

நான் என்ன செய்தேன்? வானத்தைப் பார்த்தேன். சூரியன் அப்போதுதான் மரங்களுக்கு மேலே வந்திருந்தது. புது வீடு. பால் காய்ச்சப் போகிறேன். வாசல் எந்தப் பக்கம் வைக்க வேண்டும்? இதைக் கேட்க ஒரு ஐயர் வேண்டுமா? கிழக்கு.

இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, அடுப்பு, துறப்பணம், பை எல்லாவற்றையும் ஐஸில் இறக்கி வைத்தேன். பால் மட்டும் வாங்குக்குக் கீழே இருந்தது. கூடாரத்தைக் கிழக்கே திருப்பி, துணியை இழுத்து, வாசலின் சிப்பையும் திறந்துவிட்டு, சூரியன் உள்ளே விழும் அழகைப் பார்க்கப் பத்தடி பின்னால் போய் நின்றேன். ஆணி? முறுக்கலாம் தானே, என்ன அவசரம்...

சூரியனோடு சேர்ந்து காற்றும் கிழக்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

முதலில் துணி மூச்சு எடுத்தது. கன்னம் ஊதியது. பிறகு என் வீடு, மரியாதையாக, சத்தமில்லாமல், மேற்கு நோக்கிப் புறப்பட்டது.

ஓடினேன். ஐஸில் ஓடுவது என்றால் என்ன தெரியுமா? கால் ஓடும், ஆள் ஓடமாட்டான். இருமுறை விழுந்தேன். இரண்டாவது முறை எழும்பவில்லை. இருந்தபடியே கொஞ்சத் தூரம் வழுக்கிப் போனேன். அது ஓடுவதைவிட வேகம். எனக்கு முன்னால் நீளக் கயிறு பாம்பாக நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது. கூடாரமல்ல, உங்கள் விடுமுறை போகிறது என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு என்ன சொல்வது?

வாளியில் இருந்தவர் எழும்பினார். வயதான பெண். கூடாரம் தன்னைக் கடந்து போகும்வரை பொறுமையாகப் பார்த்திருந்தார். பிறகு பின்னால் வந்த கயிற்றின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். அவ்வளவுதான். கூடாரம் ஒருமுறை துள்ளி நின்றது.

கட்டைக் கயிறாக இருந்திருந்தால் மறுகரையில்தான் பிடித்திருப்பேன்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவர் காலை எடுக்கவில்லை.

"இது உங்களுடையதா?"

"ஓம்."

"நல்ல வீடு. ஆனால் முகவரியில் நிற்கவில்லை."

பெயர் இங்கர் என்றார். ஏன் வாசலைக் காற்றுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். புது வீடு, கிழக்கு வாசல், பால் காய்ச்சுதல், பொங்கி வழிய வேண்டும் என்பது... அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நாயும் கவனமாகக் கேட்டது.

"கிழக்குக் காற்று அடித்தால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?"

"கதவைப் பூட்டுவோம்."

அப்போதுதான் சிரித்தார். பிறகு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பால் இங்கேதான் இருக்கிறது. எப்போது காய்ச்சுவீர்கள்?"

இரண்டாவது குடிபுகுதல் ஒழுங்காக நடந்தது. திரும்ப இழுத்துப் போய், முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, சாமான் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றி, காற்றுப் பக்கத்து மூலைகளை முதலில் முறுக்கி, அதற்குப் பிறகுதான் துணியை இழுத்தேன். வாசல் மேற்குப் பார்த்தது. கடவுளுக்கும் காற்று அடிக்கும் தானே, கோபிக்கமாட்டார்.

அடுப்பை வாசலுக்கு வெளியே பலகை வைத்து மூட்டினேன். பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள்: கூடாரத்துக்குள்ளே அடுப்பு மூட்டக் கூடாது, நச்சுக் காற்று ஆளைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்விடும். பால் மெல்ல எழும்பியது. விளிம்பில் ஒரு கணம் யோசித்தது. பிறகு பொங்கி ஐஸில் வழிந்தது. வெள்ளைக்கு மேல் வெள்ளை. நாய் அதை நக்கியது. நான் கும்பிட்டேன். இங்கரும் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

சீனி போட்டு ஒரு கோப்பை குடித்துவிட்டு, "நன்றி. இப்போது நான் என் அமைதிக்குப் போகிறேன்" என்று வாளிக்குத் திரும்பினார். ஆட்கள் வந்தால் என்றேனே, பார்த்தீர்களா? ஆள் வந்துதான் போனார். ஆனால் அதற்கு நாலு பேர் கூடாரம் தேவைப்படவில்லை. ஒரு கோப்பை பால் போதும்.

அதன் பிறகு நான் தனி. வாங்குக்கு முன்னால், துணி மூடிய ஐஸில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, வாசலை மூடினேன். உள்ளே இருட்டு. அப்போதுதான் அதைக் கண்டேன். வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்த துளை, இருட்டுக்குள் பச்சை விளக்காக ஒளிர்ந்தது. ஐஸுக்கு ஊடாக வரும் வெளிச்சம். குனிந்து பார்த்தால் என் தூண்டில் நூல் ஆழத்துக்கு இறங்கிப் போவது தெரிந்தது. வெளியே காற்று துணியை அடித்தது, வீடு அசையவில்லை. ஒரு வரிபோட்ட மீன் வந்து, இரையைச் சுற்றி, என்னைப் பார்த்து, போய், திரும்பி வந்தது. கவின், நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய். நானே மெதுவாகக் கத்தினேன்.

அந்த மீன்தான் நீங்கள் "இவ்வளவுதானோ?" என்று கேட்ட அந்தச் சின்ன அபோர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கைவிரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழுசாத்தான் வந்திருக்கிறியள். ஏன் காற்சட்டை பின்னாலை ஈரம்?"

ஒளிக்கலாமா என்று நினைத்தேன். சொன்னால் விடுமுறை போய்விடுமே. ஆனால் பொய் சொல்லிப் பிள்ளைகளை ஐஸில் ஏற்ற முடியுமா? சொன்னேன். கிழக்கு வாசல் என்ற இடத்திலேயே அம்மா தொடங்கிவிட்டார்.

"கிழக்குப் பார்க்கச் சொல்லி நான் சொன்னனானோ? அப்ப பட்டம் ஏறினதுதான், என்ன?" கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "சரி. வின்டர்ஃபெரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளையள் ரெண்டும் உள்ளுக்கை இருந்தால் அந்த வீடு எங்கையும் ஓடாது."

நீங்கள் துள்ளினீர்கள். பிறகு கவின்தான் கேட்டான்: "நாங்கள் ரெண்டு பேரும் பல்க்கிலை இருந்தால் ஆர் இழுக்கிறது? அப்பா தனியவோ?"

பதிலை இப்போது சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் மீன் பொரியும் மணத்துக்குக் குசினிக்கு ஓடியபோது, நான் கூடாரத்தைக் காயப் போடக் கீழே சாமான் அறைக்குப் போனேன். மிஞ்சிய கயிற்றுச் சுருளை எடுத்து இரண்டு துண்டு வெட்டினேன். என் நீளக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நுனியில் ஒவ்வொரு வளையம். சின்ன இடுப்புகளுக்கு அளவாக.

பிறகு முழங்காலில் நின்று, கவினின் உயரத்திலிருந்து, ஒருமுறை பல்க்கை இழுத்துப் பார்த்தேன்.

வந்தது.