ஊதாத் துணி கட்டிய பெண்

எனக்கு ஒன்பது வயதில் ஒரு படத்துக்காக அம்மாவோடு சண்டை பிடித்துத் தோற்றேன். நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த ரானுயியில் எங்கள் தெருமுனை வீட்டுக்காரர் கராஜில் பரப்பி விற்ற பழைய சாமான்களுக்குள் அம்மா அதைக் கண்டெடுத்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த யப்பான் படம். பட்டு உடுத்த பெண்ணொருத்தி, கொண்டை நிறைய ஊசிகள், நெற்றிக்கு மேலே ஊதாத் துணி. என் கட்டிலுக்கு மேலே இடம் பார்த்து, ஆணியும் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவோ லின்ஃபீல்டில் நடக்கவிருந்த சாமத்திய வீட்டுக்கு அதுதான் பரிசு என்றார். பெரியபிள்ளையான பெண்ணுக்கு இதைவிட லட்சணமான படம் கிடைக்காதாம். நான் அழ அழ, பளபளப்புக் காகிதத்தை விரித்தார்.

அப்போதுதான் மாமா வேலை முடிந்து வந்தார். அம்மாவின் அண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மனுகாவில் துப்புரவு வேலை. வாயில் கொழுக்கட்டையா என்று அம்மா கேட்டால்கூடச் சிரிப்பாரே தவிரப் பேசமாட்டார். அன்று படத்தைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“தங்கச்சி, இது பொம்பிளை இல்லை. ஆம்பிளை.”

“விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணை.”

“அந்தத் துணி மழிச்ச முன்தலையை மறைக்கக் கட்டினது. கூத்திலை நாங்களும் டோப்பா விளிம்பை நெத்திச்சுட்டியாலை மறைக்கிறனாங்களெல்லே.”

படத்தின் பின்னால் பென்சிலில் ஆங்கிலம் இருந்தது. நான்தான் வாசித்தேன்: கபுகி நாடக நடிகர், பெண் வேடத்தில். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சாமத்திய வீட்டுக்கு மீசை மழித்த ஆளையல்லவா கொண்டுபோகப் பார்த்தார்! அவசரமாக ஒரு பீங்கான் செட்டைத் தேடிப் பொதி செய்தார்.

எனக்கு மாமாமீது அன்பு பொங்கியது. எனக்காகத்தான் படத்தைக் காப்பாற்றினார் என்று என் கேக்கில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் படம் அவருடைய அறையில் தொங்கியது. அம்மாவே மாட்டியிருந்தார். மாமா ஊரில் பெண்வேடம் கட்டிப் பேரெடுத்தவர் என்று சொல்லிப் பார்த்தார். எனக்குக் கோபம் ஆறவில்லை. கேக்கும் போயிற்று, படமும் போயிற்று.

அந்த வாரம் மாமாவின் அறைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது, மெல்லிய பெண்குரலில். சமையலறையில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, கையில் நுரையோடு சிரித்தபடி நின்றார். பிறகு சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை இப்பதான் வந்து சேர்ந்திருக்கிறார்,” என்றார்.

மூன்று வருடமாக எங்கள் வீட்டில்தானே இருக்கிறார், அம்மாவுக்கு அதுகூட மறந்துபோயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.