அரோகராவுக்கு இடம் விடாத ஆல்பம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு ஆடிக் கிருத்திகை முடிந்ததும் நோட்டை எடுப்பேன், மேலே முருகா என்று எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்து சரியாக வராது என்பது ஒரு காரணம். மானம் போகும் என்பது இன்னொரு காரணம், அதுதான் உண்மையான காரணம். இந்தக் கதையை ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள். அதில் நான் பெரிய மனுஷனாக வருகிறேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இந்த வருடம் விரதத்தில் உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை.

திருத்தணியில் முப்பது வருடத்துக்கு மேலாக மைக் செட் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். மற்றவர் பேரை மாற்றியிருக்கிறேன். என் பேரை மாற்றவில்லை. என் பேர் தணிகாசலம்.

1. மூன்றாவது ரன்னர் அப்

முனிரத்தினம் பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவன். என்னை பாவா, தெலுங்கில் மச்சான், என்று கூப்பிடுவான். அவன் மகள் ஹேமலதா என்னை மாமா என்பாள். சொந்தம் எதுவும் கிடையாது, பழக்கம்தான். ஹேமா முதன்முதலாகப் பாடியது என் மைக்கில், அவர்கள் தெருவில் கூழ் ஊற்றிய அன்று. பத்து வயசு. மைக்கை வாயில் வைத்து மெல்லாமல் தள்ளிப் பிடித்தாள். எக்கோ போடத் தேவையில்லாத குரல். அன்றைக்கே என் மனைவி விஜயாவிடம், "இந்தப் பொண்ணு எங்கியோ போவப் போவுது" என்றேன்.

பதினெட்டு வயசில் டிவிக்குப் போனாள். பாட்டுப் போட்டி. பாட்டு என்று பேர், பாதி நேரம் அழுகை. பாடுவதற்கு முன்னால் ஒரு தடவை, பாடிய பிறகு ஒரு தடவை, மார்க் சொல்லும்போது ஒரு தடவை. முனிரத்தினத்தைக் கூட்டிப் போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மேலே பார்க்கச் சொல்லி, கண்ணீர் வரட்டும் என்று படம் எடுத்தார்களாம். "கண்ணுல தண்ணி வரல பாவா. தறிய நிறுத்தி வச்சிருக்காங்களேன்னு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு" என்று பிறகு சொன்னான். அதைத்தான் டிவியில் அப்பாவின் பாசம் என்று போட்டார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். வரியை நேராகப் பாடி முடித்தால் தலையை ஆட்டுவார்கள். முடிவில் நாலு வளைவு, அஞ்சு நெளிவு போட்டு இழுத்தால் எழுந்து நிற்பார்கள், பின்னால் பூவாணம் எரியும். பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பாட்டில் சும்மா நிற்கும் இடம் என்று ஒன்று இருக்கவே கூடாது என்று கற்றுக்கொண்டது. சின்ன வயதில் வரிக்கு வரி நின்று பாடிய ஹேமா, இறுதிச் சுற்றில் மூச்சு எங்கே விடுகிறாள் என்றே தெரியாமல் பாடினாள்.

மூன்றாவது ரன்னர் அப் என்று பட்டம் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தோம். நானும் கைகூப்பியபடி அதில் இருந்தேன். விஜயா பேனருக்குக் கீழே நின்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ நாலாவதுதானே?" என்றாள். எல்லோரும் அவளை முறைத்தோம்.

2. குதிரைச் சத்தம்

அடுத்த வருடம் ஹேமாவின் முதல் ஆல்பம். ஆறு பாட்டு, எல்லாம் முருகன் மேல். ஆடிக் கிருத்திகை அன்று மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைப் பக்கம் மேடை போட்டு, காவடி ஏறும்போது என் மைக் செட்டிலேயே முதல் பாட்டை வெளியிடுவது என்று ஏற்பாடு. ஆல்பத்தின் பேர் 'தணிகை ஃபயர்'. முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஃபயர் என்றால் எனக்கு ஃபயர் சர்வீஸ்தான் ஞாபகம் வந்தது.

கிருத்திகைக்கு எட்டு நாள் முன்னால் அப்பாவும் மகளும் பென் டிரைவோடு கடைக்கு வந்தார்கள். கூடவே சென்னையிலிருந்து வந்த மியூசிக் தம்பி. கண்ணாடியைத் தலையில் மாட்டியிருந்தார். அட்டையைக் காட்டினார்கள். ஹேமா முழுசாக நின்றாள், தலைமுடி பறக்கிறது. முருகன் அவள் தோளுக்குப் பின்னால் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தார்.

பாட்டைப் பெரிய பாக்ஸில் போட்டேன். முதலில் இடி. பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு குதிரை கனைத்தது.

"தம்பி, முருகனுக்கு மயில் ஆச்சே. குதிர எதுக்கு?" என்று கேட்டேன்.

"மயில் சவுண்டு டிரை பண்ணோம் அங்கிள். ஃப்ரீக்வன்சி செட் ஆவல. குதிரைல ஒரு பஞ்ச் இருக்கு."

குதிரை ஓடிப் போன பிறகுதான் ஹேமா குரல் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, டியூன் மெஷினில் போட்டுச் சலித்து எடுத்திருந்தார்கள். நடுவில் மியூசிக் தம்பியே புகுந்து வேகமாக ஏதோ பேசினார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காலத்துக்குத் தக்க வருவது. என் கவலை வேறு.

தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். காவடிப் பாட்டு, கேட்பதற்காகப் போடுவது இல்லை. பதில் சொல்வதற்காகப் போடுவது. பாடுகிறவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். ஜனம் அரோகரா என்று சொல்லும். காவடி தூக்கியவர் அந்த அரோகராவில்தான் மூச்சை வெளியே விடுவார், அதில்தான் அடுத்த படிக்குக் காலை எடுப்பார். பின்னால் வருகிறவரும் அதே நேரத்தில்தான் எடுப்பார். அந்த நிறுத்தம்தான் கூட்டத்தை ஒன்றாக ஏற்றுகிறது. நாங்கள் பாட்டு வாங்கினால் முதலில் அந்த இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

'தணிகை ஃபயர்' ஆல்பத்தில் அந்த இடம் இல்லை. வரி முடிகிற இடத்தில் எல்லாம் ஹேமா வளைவு போட்டிருந்தாள். அவள் விட்ட இடத்தில் கீபோர்டு. கீபோர்டு விட்ட இடத்தில் கோரஸ். ஆறு பாட்டிலும் ஒரு அரோகராவுக்கு இடம் இல்லை. முதல் பாட்டின் இரண்டாவது சரணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஸ்டுடியோவில் அரை நாள் வேலை. எட்டு நாள் கையில் இருந்தது.

ஆறு பாட்டும் முடிந்தது. முனிரத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். ஹேமா பக்கத்தில் வந்து கேட்டாள்: "மாமா, எப்பிடி இருக்குது? உண்மைய சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் முனிரத்தினம், "பாவா, கவருக்குப் பின்னாடி பாரு. உன் பேரு போட்டுகிறோம்" என்றான். திருப்பிப் பார்த்தேன். 'ஒலி ஆலோசனை: திருத்தணி தணிகாசலம்' என்று இருந்தது. முருகன் ஸ்டாம்பு அளவு. என் பேர் நல்ல பெரிய எழுத்தில்.

"சூப்பரா இருக்குதும்மா. மலையே ஆடும்" என்று சொன்னேன்.

3. விஜயா கேட்ட கேள்வி

வீட்டில் விஜயாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். பழக்கத்தில் வரி முடிவில் அரோகரா சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை.

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ ரெண்டு மலை ஏறி எறங்கிட்டா. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"கேட்டா. நல்லா இருக்குதுன்னேன்."

"கேட்டாளா? கேட்டும் சொல்லலியா?"

"அவ அப்பன் மூஞ்சப் பாத்தா எப்பிடி சொல்றது? சின்னப் பொண்ணு மனசு ஒடஞ்சி பூடும்."

"இப்ப உங்க கடையில ஒடஞ்சா நாலு பேருக்கு முன்னாடி. அன்னிக்கி ஒடஞ்சா ஊருக்கு முன்னாடி. நாளைக்கி பள்ளிப்பட்டு போயி சொல்லிட்டு வாங்க."

போகலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு செட் போட வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் ஜெனரேட்டர் ரிப்பேர். அதற்கு மறுநாள் ஒன்றுமே இல்லை, சும்மா கடையில் உட்கார்ந்து அட்டையில் என் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் சாமி கும்பிட்டேன். முருகா, நீயே பார்த்துக்கொள் என்றேன். நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை சாமி தலையில் கட்டிவிட்டு விபூதி பூசிக்கொண்டு கிளம்பினேன்.

4. ஃபேடர்

கிருத்திகை அன்று காலையில் கூட்டம் தெரியும்தானே. தமிழும் தெலுங்கும் கலந்து மலை முழுக்க மஞ்சள். படிக்கட்டு ஓரமாகப் பாதி மலை வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். மேடையில் ஹேமா பட்டுப்புடவையில். முனிரத்தினம் ஆல்பம் பெட்டியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நின்றான், கீழே வைக்க மனசில்லை. வெளியிட வந்த பிரமுகர் டிவியைப் பற்றியே பேசினார். பாட்டைப் பற்றிப் பேச அவர் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஊரிலிருந்து நாற்பது காவடி வந்து படியில் காலை வைத்தது. பம்பை, உடுக்கைக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மியூசிக் தம்பி எனக்குக் கையைக் காட்டினார். நான் போட்டேன்.

இடி. கண்ணாடி. குதிரை. காவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படியில் இருந்த ஒருவர், "எவன்டா குதிர ஓட்டிகினு வரான், ஓரமா போங்க" என்று ஒதுங்கினார். அவர் நிஜமாகவே குதிரை என்று நினைத்துவிட்டார்.

ஹேமா குரல் வந்தது. முதல் வரி முடிந்தது. ஜனம் அரோகரா என்று ஆரம்பித்தது, ஹேமாவின் வளைவு அதன் மேல் ஏறியது. பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த வரி, மறுபடியும் அப்படியே. மூன்றாவது வரியில் முன்னால் இருப்பவர்கள் சொல்ல, பின்னால் இருப்பவர்கள் சொல்லவில்லை. சிலர் காலை எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. ஒரு வயசான அம்மாவின் தோளில் இருந்த காவடி முன்னால் போனவர் முதுகில் இடித்துச் சாய்ந்தது. பூ கொட்டியது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். கீழே விழவில்லை, முருகன் புண்ணியம்.

அந்தக் கூட்டத்தின் குருசாமி படியிலிருந்தே கத்தினார்: "யோவ் மைக் செட்டு! நிறுத்துய்யா அந்த கச்சேரிய! சாமி பேரு சொல்ல ஒரு எடம் உடறீங்களா? மூச்சு முட்டுதுய்யா எங்களுக்கு!"

நான் மேடையைப் பார்த்தேன். ஹேமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இழுத்துக் கீழே இறக்கினேன்.

"அங்கிள், கேபிள் போச்சா?" என்று மியூசிக் தம்பி ஓடி வந்தார். நான் மைக்கை எடுத்து, கந்தனுக்கு என்றேன். நிறுத்தினேன். மலை முழுக்க அரோகரா என்றது. நாற்பது காவடியும் ஒரே நேரத்தில் அடுத்த படி ஏறியது.

ஊர் சொல்கிற கதை இதோடு முடிகிறது. தலைக்கனம் பிடித்த டிவி பொண்ணின் பாட்டை நிறுத்திக் காவடியைக் காப்பாற்றிய தணிகாசலம். அந்த வருடம் எனக்குச் சால்வை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

5. ஊர் சொல்லாதது

அந்தப் பாட்டை நிறுத்திய காட்சியை யாரோ போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். ஆல்பத்தைக் கேட்டவர்களைவிட அது நிறுத்தப்பட்டதைப் பார்த்தவர்கள் அதிகம். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஹேமா ஏறினால் பின் சீட்டில் பையன்கள் குதிரை மாதிரி கனைப்பார்கள். குதிரையைப் போட்டவர் சென்னையில் அடுத்த ஆல்பத்துக்கு இடி சேர்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கனைக்கவில்லை. நடுவர்கள் வேறு பிள்ளைகளுக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஹேமா திருவள்ளூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். பாடுவதை விட்டாள்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். தனியாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒன்னு கேக்கணும் மாமா. நைனாகிட்ட கேட்டா அவரு அழுவாரு."

"கேளும்மா."

"அன்னிக்கி பென் டிரைவ்ல கேட்டீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா? அரோகராவுக்கு எடம் இல்லன்னு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

"தெரியும்மா."

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "டிவில எல்லாருமே எனக்கு சூப்பர் சூப்பர்னுதான் மாமா சொன்னாங்க. ஒரு வருசமா வேற வார்த்தையே நான் கேக்கல. எனக்கே பயமா ஆயிடுச்சி. அதனாலதான் உங்ககிட்ட எடுத்துகினு வந்தேன்" என்றாள். பிறகு, "வரேன் மாமா" என்று சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பின்னால் போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

தொழிலில் நான் கற்றுக்கொண்டது இதுதான். ஊர் முன்னால் ஃபேடரை இறக்குவதற்குத் தைரியம் தேவையில்லை, கூட்டம் நம் பக்கம் இருக்கும். கடையில் நாலே பேர் உட்கார்ந்திருக்கும்போது, கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அம்மா இதில் ஒரு குறை இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை. அந்த டிவி நடுவர்களை ரொம்ப நாள் கேலி பேசினேன். எழுந்து நின்றதும் பூவாணம் எரிந்ததும் தவிர, அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவர்களாவது ஊர் பேர் தெரியாத பிள்ளைக்குச் செய்தார்கள்.

ஹேமா இன்னும் பாடவில்லை. கிருத்திகை விரதத்தில் அவள் பேரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். அது போதாது என்று தெரியும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். குதிரையைச் சொல்லிச் சிரிக்கலாம், தப்பில்லை, நானே சிரிக்கிறேன். ஆனால் சொல்லும்போது கேட்பவருக்குப் பிடிக்கும்படி எதையும் திருத்த வேண்டாம். என்னை நல்லவனாக்க வேண்டாம், அந்தப் பெண்ணைத் தலைக்கனம் பிடித்தவளாக்க வேண்டாம். அவள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள், நான் சூப்பர் என்று சொன்னேன். அந்த இடத்தைத் தாண்டிப் போகாமல், இருக்கிறபடியே சொல்லுங்கள்.