ஏணி வைத்த இடம்

ஏணி வைக்க இடம் கேட்டதால்தான் எனக்கும் என் மூத்தாருக்கும் சண்டை வந்தது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஏணிக்கு முன்னால் ஒரு வயர் இருந்தது. அந்த வயரை அவர் வெட்டினார். அதை விட்டுவிட்டு ஏணியை மட்டும் சொல்கிறவர்கள், அவர் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து பேசுகிறவர்கள்.

மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். எங்களுடையது இரட்டை வீடு. ஹட்டனில் பஸ் ஏறி, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இறங்கி, மலைக்கு ஏறி வந்தால் நீலத் தகரக் கூரை தெரியும். கூரை ஒன்று, நடுச்சுவர் ஒன்று, அந்தப் பக்கம் அவர் குடும்பம், இந்தப் பக்கம் நான். என் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருவார், தூங்குவார், போவார். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆகவே பேசவேண்டியதை எல்லாம் நானே பேசவேண்டியிருந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நான் தையல்காரி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கினேன். பள்ளிக்கூட யூனிபோம், சாரி ஜாக்கெட், தீபாவளி வந்தால் பிள்ளைகளின் சட்டை. அந்த மெஷின் ஓடினால்தான் என் அடுப்பு எரியும். ஆனால் இரட்டை வீட்டுக்கும் சேர்த்துக் கரண்டு மீட்டர் ஒன்றுதான், அது மூத்தார் பெயரில். பில்லில் என் பங்கை நான் கொடுக்கத் தவறியதே இல்லை. இருந்தும் என் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டிப் போனால் அவருக்கு வயிறு எரியும். கொழும்பில் கடை கூட்டுகிறவனின் பெண்டாட்டி தன்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாளே என்ற எரிச்சல். வேறொன்றும் இல்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது ஊசி துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தேன். மூத்தார் ஸ்டூலில் ஏறி நிற்கிறார், கையில் குறடு. என் பக்கத்து வயர் துண்டாகி வாசலில் கிடந்தது.

எங்கள் வழக்கப்படி மூத்தாரும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாவம், அவள் வாழ்க்கையில் பாதி நேரம் தபால்காரி வேலைதான் பார்த்திருக்கிறாள்.

"இனி கரண்டு வேணும்னா தனியா மீட்டர் எடுத்துக்கச் சொல்லு அவள" என்றார், என் முகத்துக்கு முன்னாலேயே.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுச்சுக்கா, எனக்குக் காது செவிடு இல்ல" என்றேன்.

வயர்த் துண்டை எடுத்துச் சுருட்டி அடுப்படி ஆணியில் மாட்டினேன். சோறு வடிக்கும்போதெல்லாம் கண்ணில் படவேண்டும் என்றுதான் அங்கே மாட்டினேன். கோபம் ஆறிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தனி மீட்டருக்கு மாதக்கணக்கில் அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். காணி யார் பெயரில், கடிதம் யார் தருவது என்று தோட்டத்து ஆபீசும் டவுன் ஆபீசும் என்னைப் பந்தாடின. போதும் என்று கையில் இருந்த நகையை அடகு வைத்து சோலார் போட்டேன். கூரையில் இரண்டு பேனல், வீட்டுக்குள் ஒரு பெட்டரி, ஓர் இன்வேட்டர். பேனலைப் பூட்டிப் பொருத்த வந்தவர் போகும்போது சொன்னார்: "அக்கா, இந்த மலையில பனியும் பொகையும் சும்மா விடாது. கெழமைக்கு ஒருக்கா, ஏழு நாள் தாண்டாம தொடச்சிருங்க. சவர்க்காரத் தூள் போடாதீங்க. வெயில் ஏறி கண்ணாடி சூடானப்பொறம் பச்சத் தண்ணி ஊத்துனா வெடிச்சிரும். விடியக்காலையில செய்ங்க."

அப்போதுதான் ஏணி வந்தது. என் பக்கம் வாசற்படியை விட்டு இறங்கினால் பள்ளம். பின்னால் செங்குத்தாக மண்மேடு. ஏணி நிற்கச் சமதரை இருப்பது மூத்தார் பக்க வாசலில் மட்டும். அங்கே ஏணியைச் சாத்தி ஏறி, தகரத்தில் ஆணி அடித்த வரிசை பார்த்து மிதித்து, என் பக்கம் நடந்து போகவேண்டும். ஆணி வரிசையை விட்டுக் கால் வைத்தால் தகரம் நெளிந்துவிடும். ஆரம்பத்தில் சில வாரங்கள் அப்படித்தான் ஏறினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சோலார் இரண்டு மாதத்தில் பழுதாகும் என்று அவர் நம்பியிருந்தார். அது பழுதாகவில்லை. என் மெஷின் முன்பைவிட உற்சாகமாக ஓடியது. உடனே அவருக்குச் சாமி ஞாபகம் வந்துவிட்டது.

"எங்க சாமி படம் வைக்கிற தட்டு அந்தக் கூரைக்குக் கீழதான் இருக்கு. சாமி தலைக்கு மேல பொம்பள நடக்குறதா? இனிமே இந்த வாசல்ல ஏணி வைக்க வேணாம்னு சொல்லு."

அவர் வீட்டுக்கு டிஷ் அன்டெனா பூட்ட வந்த ஆள் கழற்றாத சப்பாத்துக் காலோடு அதே இடத்தில்தான் நின்றான். பீடிகூடப் பிடித்தான். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இதை நான் அக்கா மூலம் சொல்லி அனுப்பினேன். பதிலுக்குப் புகைதான் வந்தது.

முன்பெல்லாம் அவர்கள் தேயிலையைக் கவாத்து வெட்டிய காய்ந்த குச்சிதான் எரிப்பார்கள். ஏணியைத் தடுத்த பிறகு, தினமும் காலையில் ஈரக் குப்பையைக் கூட்டி, என் பேனலுக்கு நேர் கீழே, மண்மேட்டு ஓரத்தில் தீ வைக்க ஆரம்பித்தார். எரிவது கொஞ்சம், புகைவது மிச்சம். அந்தக் கரி மேலே போய்க் கண்ணாடியில் படியும். இரவுப் பனி அதன்மேல் இறங்கும். மறுநாள் வெயில் அதைக் காயவைத்து ஒட்டிவிடும். போதாததற்கு மைனாக்கள் வேறு. நான் மண்மேட்டில் தொற்றிக்கொண்டு, மூங்கில் நுனியில் ஸ்பொன்ஞ் கட்டி எட்டித் துடைத்தேன். கீழ்ப் பேனல் மட்டும்தான் எட்டியது. மேல் பேனல் கறுத்துக்கொண்டே போனது. அவர் முகத்தைத் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு மூங்கிலை அழுத்துவேன்.

மத்தியானத்துக்குமேல் இன்வேட்டர் கீ கீ என்று கத்தத் தொடங்கும். மெஷின் முனகும், நிற்கும். ஜனவரி யூனிபோம் ஓடரில் பாதி கைமாறிப் போனது. பள்ளிக்கூடம் திறக்கும் அன்றைக்குப் பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் வேறு யாரோ தைத்த வெள்ளைச் சட்டையோடு என் வாசலைத் தாண்டிப் போனார்கள். தோள் பக்கம் இழுத்திருந்தது, கேவலமான தையல். அன்று நான் அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. இந்த ஆள் ஒருநாள் என்னிடம் வந்து நிற்கவேண்டும், அதைப் பார்க்காமல் என் கட்டை வேகக்கூடாது என்று கறுவிக்கொண்டேன்.

அவருடைய மகள் பெரியவளானாள். என்னைச் சித்தி சித்தி என்று சுற்றி வளர்ந்த பிள்ளை. அவள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. சடங்குக்கு நாள் குறித்தார்கள். இறம்பொடையிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. பிள்ளையின் ஜாக்கெட்டை ஹட்டனில் தைக்கக் கொடுத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தையல்காரி இருக்கிறேன். இதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

விசேஷத்துக்காக மூத்தார் வாசலுக்குச் சீமெந்து போட ஏற்பாடு செய்தார். ஏணி வைக்கும் இடத்தையும் சேர்த்துத்தான். அக்கா தயங்கித் தயங்கி வந்து அவர் சொன்னதைச் சொன்னாள்: "இனிமே அந்த வாசல்ல ஒரு குச்சிகூட ஊண விடமாட்டாராம்."

அந்த வாரம் மழை பிடித்தது. பிசாசு மழை. ரோட்டோரம் மண் சரிந்தது, மரம் விழுந்து லைனை அறுத்துக்கொண்டு போனது, தோட்டம் முழுவதும் இருட்டு. லைன் ஆட்களுக்குப் போன் போட்டால் சிங்களத்தில் "ஹெட்ட, ஹெட்ட" என்றார்கள். அவர்களுடைய நாளை வரவே இல்லை. சடங்குக்கு முதல்நாள்தான் மழை விட்டது. மூத்தார் அவசர அவசரமாக ஆள் பிடித்து அன்றைக்கே சீமெந்தைப் பூசி முடித்தார். வாடகைக்கு ஜெனரேட்டர் கேட்டார். பஸ் ரோட்டுக்குமேல் வான் வண்டி ஏறமுடியாமல் பாதை சரிந்து கிடந்தது.

சடங்கு நாள் காலையில் நல்ல வெயில் வரும்போல இருந்தது. அக்கா என் கதவைத் தட்டினாள்.

"தங்கச்சி, ராத்திரிக்குப் பந்தலுக்கு நாலு பல்பு எரிய... ஒரு வயர் மட்டும்..."

"அவர வரச் சொல்லுங்க."

"நான்தான் கேக்குறேனே."

"நீங்க கேட்டா குடுத்துருவேன்க்கா. அதான் அவரு வரட்டும்."

வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார். பார்வை தரையில். "கரண்டு குடுப்பாளான்னு கேளு" என்றார் அக்காவிடம்.

"அக்கா இன்னைக்குப் பேசமாட்டாங்க. நீங்களே பேசுங்க மச்சான்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் காது சிவந்தது. தொண்டையைச் செருமினார். "பிள்ளைக்காகக் கேக்குறேன். குடும்மா" என்றார். எனக்கு அப்படி ஒரு சுகமாக இருந்தது. குவைத்தில் சம்பளம் கையில் வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

"குடுக்கலாம். பெட்டரியில ஒண்ணும் இல்ல. மேல் பேனல் கரியா கெடக்கு. யாரு பொகைன்னு ஒங்களுக்கே தெரியும். இப்பக் கழுவுனா பகல் வெயில்ல ஏறிக்கும், ராத்திரிக்கு எரியும். ஏணி வைக்கணும்."

"எங்க?"

"எப்பவும் வைக்கிற எடத்துல."

"நேத்துத்தான் போட்டது. இன்னும் காயல."

"தெரியும்."

"பலகை போட்டு வைக்கலாம்தானே?"

"பலகை வழுக்கும். நான் விழுந்தா யாரு பொறுப்பு?"

பலகை வழுக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். புதுச் சீமெந்தைத் திரும்பிப் பார்த்தார். பந்தல் கட்ட வந்தவர்கள், வெங்காயம் உரித்த பெண்கள், முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சொந்தக்காரர்கள் எல்லோரும் கையில் இருந்ததை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வை" என்றார்.

"நீங்கதான் புடிக்கணும்" என்றேன். "அப்புறம் சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஏணியை நானே தூக்கிவந்து வைத்தேன். வழவழவென்று பூசியிருந்த சீமெந்து, நடுவில் மேஸ்திரி பூக்கோலம்கூடப் போட்டிருந்தான். நான் முதல் படியில் கால் வைத்ததும் இரண்டு ஏணிக்காலும் நச்சென்று உள்ளே இறங்கின. மூத்தார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

கூரைக்குப் போய், வாளியைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டேன். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கரியை ஊறவிட்டேன். பிறகு மெதுவாக, பழைய பருத்தித் துணியால், மேலிருந்து கீழாகத் துடைத்தேன். கறுப்புத் தண்ணீர் தகரத்தின் நெளிவில் ஓடியது. கூரை அவர் பக்கம் கொஞ்சம் சரிவு. அது எங்கே போய்ச் சொட்டும் என்று எனக்குத் தெரியாதா? விசேஷத்துக்கு அவர் உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையில் கரி வழிந்தது. அவரால் ஏணியை விடமுடியாது, விட்டால் நான் இறங்கமாட்டேன். துடைத்த கீழ்ப் பேனலையே இன்னொரு தடவை துடைத்தேன்.

கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "அந்த மேல் மூலையில இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு."

எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. இத்தனை நாளாகக் கரி பூசிய மனுஷன் இப்போது மூலை சுத்தமாகவில்லை என்று கவலைப்படுகிறார்.

சாயங்காலம் அடுப்படி ஆணியிலிருந்து வயர்ச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். "இதுதான் எங்கிட்ட இருக்கு. மத்தப் பாதி ஒங்க சுவத்துல தொங்குது." வாங்கிக்கொண்டார். தன் பக்கத்துத் துண்டைக் கழற்றி எடுத்து, இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றிப் பந்தல்வரைக்கும் இழுத்தார். தோட்டம் எல்லாம் இருட்டாகக் கிடக்க, எங்கள் வாசலில் மட்டும் வெளிச்சம். பிள்ளை அந்த வெளிச்சத்தில் அம்மன்போல உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் கையில் மட்டும் சுருக்கம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அது யார் வீட்டுக் கரண்டு என்று சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அடுத்த கிழமை லைன் கரண்டு வந்துவிட்டது. அவர் வீட்டு பல்பு எரிந்ததைப் பார்த்ததும் ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டு ஏறினேன். அவர் டேப் சுற்றிய அதே இடத்தில் குறடு வைத்து வெட்டினேன். "அக்கா, இனி அவர் கரண்ட அவரு பாத்துக்குவாருன்னு சொல்லுங்க" என்றேன். அவர் திண்ணையோரம் நின்று முகம் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

வாசலில் இரண்டு குழிகள் அப்படியே இறுகிப்போயிருந்தன. ஒருமுறை அவர் சீமெந்து குழைத்து அடைத்தார். மறுநாள் விடியற்காலையில், அது காயும் முன்னால், அதே இடத்தில் ஏணியை வைத்து ஏறினேன். பேனல் அன்றைக்கு அவ்வளவு அழுக்காகக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் அடைக்கவில்லை. குப்பைக்கும் தீ வைப்பதில்லை. என் மெஷின் பகல் முழுவதும் ஓடுகிறது.

உன் மனசு இன்னும் ஆறவில்லையா என்று என் கணவர் கேட்கிறார். ஆறவில்லை. கிழமைக்கு ஒருமுறை ஏணிக்கால் இரண்டும் அந்தக் குழிகளில் அளவெடுத்ததுபோல உட்காருகின்றன. ஏணி முன்பைவிட உறுதியாகவே நிற்கிறது, பிடிக்க ஆளே தேவையில்லை. மழைக்காலத்தில் குழிகளில் தண்ணீர் தேங்கும். காலையில் வேலைக்குப் போகும்போது மூத்தார் அந்த இரண்டையும் எட்டிக் கடந்துதான் போகவேண்டும். அந்த நேரத்துக்கு நான் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவேன்.