துர்ரியாவுக்குக் கிடைத்த கையெழுத்து

எங்கள் ஷுப்ரா வட்டாரத்தில் வலைப்பூ வாசித்த முதல் ஆள் நான்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். முதல் நூறு பேரில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாசித்த வலைப்பூவை எழுதியவள் எங்கள் மேல்வீட்டு ராவ்யா. மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். யார் எதற்கு மருந்து வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் கதையாக்கினாள். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று 'மருந்துக்கடை துர்ரியா' என்னும் பெயரில் ஒளிந்துகொண்டாள். என்றாவது ஒரு பதிப்பகம் தேடி வரும், அன்றைக்குச் சொந்தப் பெயரை அட்டையில் போட்டுக்கொள்ளலாம் என்று நான்கு வருடம் காத்திருந்தாள்.

புத்தகம் வந்தது, வேறொருவன் பெயரில். அவளுடைய கதைகள்தான், ஒரு வரி மாறவில்லை.

ஜனவரிப் புத்தகச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவனிடம் கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றோம்.

"எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடு" என்றேன்.

"சொன்னா கடைக்குத் தெரிஞ்சிடும் டீச்சர். அப்புறம் எங்க வீட்டு அடுப்பை நீங்களா பத்தவைப்பீங்க?"

எங்கள் முறை வந்தது. அவன் நிமிராமல் பெயர் கேட்டான்.

"துர்ரியா. மருந்துக்கடை துர்ரியா."

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திருடிய இடத்தின் பெயரைக்கூட மறந்திருந்தான்.

"நல்ல பேரு. நீங்களும் எழுதுவீங்களா மேடம்?"

"எழுதுவேன்."

"விடாம எழுதுங்க. ஒருநாள் வெளிய வரும்."

அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி அவன் முகத்தில் எறிந்தேன்.

இதுவரை எழுதியதை ராவ்யாவிடம் வாசித்துக் காட்டினேன். முலுக்கியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"எறியல டீச்சர். நீங்களும் ஒண்ணு வாங்கி, அதுல கையெழுத்து வாங்கினீங்க."