கழற்றி வைத்த கேமரா

என் மனைவியின் அப்பா பிரெஞ்சுப் பிரஜை. அந்த வழியில் அவளுக்கும் மகளுக்கும் பிரான்சுக்குப் போகக் காகிதம் கிடைத்தது. என்னுடையது பிறகு வரும் என்றார்கள். முத்தியால்பேட்டை வீட்டில் நானும் ஒரு கம்ப்யூட்டரும் மிஞ்சினோம்.

ஞாயிறு சாயங்காலம் அதில் பேசுவோம். பேசுவோம் என்பது சும்மா சொல்வது. மகளுக்கு அங்கே பள்ளியில் சேர்ந்ததும் தமிழ் சுருங்கிவிட்டது. விழுந்த பல்லைக் காட்டுவாள், வரைந்த பூனையைக் காட்டுவாள், புது ஷூவைக் கழற்றியே காட்டுவாள். நான் கை தட்டுவேன். அதற்காகத்தான் மற்ற நாட்களில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

பேசி முடித்ததும் கம்ப்யூட்டரிலிருந்து என் கேமராவைக் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவேன். எங்கள் தெருவில் கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும். மச்சான் பிரான்சிலிருந்து வாங்கி அனுப்பிய சாமானை வெளியே விட்டுவைக்க மனம் வருமா?

நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சாமான் போன பிறகும் அதன் பெயர் ஸ்டாக்கில் இருந்தால் எனக்குப் பொறுக்காது. கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு, ரெஜிஸ்ட்ரி என்று பெயர் என்றார் பிரௌசிங் சென்டர்காரர். எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தனக்காகக் குறித்துக்கொள்வது. புரோகிராமை எடுத்துவிட்டாலும் குறிப்பு கிடக்குமாம். அதைத் துடைக்க ஒரு புரோகிராமும் போட்டுக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் டிக் பண்ணிடாதீங்க சார். தெரிஞ்சத மட்டும் எடுங்க."

ஆளில்லாத வீட்டில் அழுக்கும் சேர்வதில்லை. பெருக்க எனக்கு அந்தக் குப்பையாவது கிடைத்தது. சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து துடைத்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அது ஒரு துணையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, இணைப்பில் இல்லாத சாதனம் என்று சில வரிகளைக் காட்டியது. இல்லாததை எதற்கு வைத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் அழித்தேன். கேமரா பீரோவுக்குள் இருப்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மறுநாள் கேமராவைச் செருகினால் உயிரே இல்லை. அவர்கள் எனக்குத் தெரிந்தார்கள். நான் அவர்களுக்குத் தெரியவில்லை. மகள் ஏதோ ஒரு படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, சாப்ட்டியாம்மா?"

"வீ," என்றாள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிரெஞ்சு ஆமாம்.

"என்னா வரைஞ்ச? அப்பாக்கு காட்டு."

அவள் திரையில் என்னைத் தேடினாள். பிறகு திரும்பி, "அப்பா இல்லம்மா," என்றாள்.

"இருக்காருடி, பேசறாரு பாரு," என்றாள் மனைவி.

"இங்கதான்டா இருக்கேன்," என்றேன். அவள் படத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். காலி நாற்காலியைப் பார்த்து அழுதேன். அன்று யாருக்கும் தெரியாமல் அழ முடிந்தது.

திங்கட்கிழமை பிரௌசிங் சென்டர்காரர் வந்து, அழித்ததையெல்லாம் திரும்ப எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் எதையும் துடைக்கவில்லை. கம்ப்யூட்டர் மந்தமாகத்தான் ஓடியது. கேமராவையும் கழற்றவில்லை, அதன் திருகாணி துருப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்து உட்கார்ந்ததும் முதலில் கையை ஆட்டுவேன். அவள் திருப்பி ஆட்டும்வரை ஆட்டிக்கொண்டே இருப்பேன்.