இரண்டு பக்கமும் ஓடினால்தான் வேகம்

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன். எந்த ர, எந்த ற என்று இன்னும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருந்தால் இந்த நோட்டே தேவைப்பட்டிருக்காது. நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. அந்த வாயை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

புதூர்நாட்டில் ரோட்டோரம் எனக்கு ஒரு ஷெட். மலையில் ஓடுகிற இரு சக்கர வண்டிகளை ரிப்பேர் பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் லாரியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். இங்கே நிலம் வாங்கி பங்களா போட்டிருந்தார். வண்டி வெள்ளைக்காரன் காலத்தது. ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர். டேங்குக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

"இது நூறு ஓடணும்ப்பா," என்றார். "கிலோமீட்டர் இல்ல. மைல்."

நூறு மைல் என்றால் நூற்று அறுபது கிலோமீட்டர். புதிதாக இருந்தபோதே அது எண்பது மைலைத் தாண்டியிருக்காது. அவர் கல்லின் மேல் உட்கார்ந்து விளக்கினார். அமெரிக்காவில் உப்பு படிந்த பெரிய வெட்டவெளி இருக்கிறதாம். பழைய வண்டிகளைக் கட்டி எடுத்துப்போய் வேகம் பார்ப்பார்களாம். பக்கத்தில் ஓட வேறு வண்டி கிடையாது. கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி.

"போறப்ப ஒரு தரம், வர்றப்ப ஒரு தரம். ரெண்டையும் கூட்டிப் பாதி. ஏன் தெரியுமா? காத்து ஏமாத்தும்ப்பா. முதுகுல அடிக்கிற காத்த உன் வேகம்னு சொல்லக்கூடாது."

அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். யாரோடும் பேசாமல் ஜெயிக்கிற பந்தயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வண்டி நூறு மைல் தொடுமா, தொடாதா? அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை.

இரண்டு வருஷம் ஆயிற்று. மட்கார்டு, விளக்கு, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றினேன். ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, கால் வைக்கிற கம்பியைப் பின்னால் தள்ளினேன். அப்போதுதான் ஆள் டேங்கின் மேல் பல்லி மாதிரி ஒட்டிப் படுக்க முடியும். வேறு வண்டியின் பிஸ்டனை வாங்கித் திருப்பத்தூர் லேத்தில் மூன்று தரம் கடைந்தேன். காற்று நுழைகிற வழியை உப்புத்தாளால் கண்ணாடியாகத் தேய்த்தேன். முன் செயின் சக்கரத்தில் இரண்டு பல் கூட்டினேன்.

எஞ்சின் எண்ணெயில்தான் தப்பு செய்தேன். அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் ஆமணக்குக்குப் பஞ்சமா? கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிறதை வழித்தெடுத்த எண்ணெயை வாங்கி ஊற்றினேன். எண்ணெய்தானே என்று நினைத்துவிட்டேன். அதில் தண்ணீரும் மண்டியும் இருக்கும் என்று யோசிக்கவில்லை. இரண்டு நாள் ஓட்டியதும் பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் உள்ளே பலாப்பழப் பிசின் மாதிரி பழுப்பாக, நூல் நூலாக இழுத்தது. சின்ன வயசில் பேதிக்கு மூக்கைப் பிடித்து ஊற்றினார்களே, அதே நாற்றம். வெந்து, கருகி, பத்து மடங்காகி வந்தது. நான்கு நாள் ஸ்பிரிட்டில் கழுவினேன். சோற்றில் கை வைத்தால் விரலில் அதே நாற்றம்.

"இன்னாய்யா, வூடு பூரா பேதி மருந்து வாட அடிக்குது?" என்றாள் என் மனைவி. "வண்டிக்கு வயிறு கட்டிக்கிச்சா?"

பிறகு கீழே எண்ணெய் மண்டியில், ஈரம் துளியும் இல்லாத ஆலை விளக்கெண்ணெய் வாங்கினேன். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. புகை மட்டும் அதே நாற்றம். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் குமட்டும்.

வேகம் பார்க்க அவர் ஒரு இடம் பிடித்தார். சமவெளியில், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை. இப்போது ஆடு மேய்கிறது. நானும் மனைவியும் வண்டியை டிரைவரோடு வாடகைக்குப் பிடித்த பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையே போய்விட்டோம். மலையில் சரியாக மூச்சு விட்ட வண்டி கீழே இறங்கினால் பெட்ரோல் போதாமல் திணறும். கீழே காற்று கனம். அதற்காகக் கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையை, ஜெட் என்போம், பெரியதாக மாற்றினேன். முப்பது மீட்டர் டேப்பைப் பதின்மூன்று தரம் போட்டு, மேலே பத்து மீட்டர் சேர்த்து, நானூறு மீட்டரின் இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். எடுக்கிற நேரம் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் என்று மனைவிக்குக் காட்டினேன்.

ஒன்பது மணிக்கு நான்கு காரில் வந்தார்கள். கூடவே வீடியோ எடுக்கிற ஒருவர், தாடி வைத்தவர்.

"அண்ணா, சட்டையக் கழட்டுங்கண்ணா. செருப்பும் வேணாம்."

கழற்றினேன்.

ஆமணக்குக் காய் ஒரு கொத்து கொண்டுவந்திருந்தார். "இத கையால நசுக்குங்க. எஞ்சின் மேல சொட்டுற மாதிரி." பச்சைக் காயில் எண்ணெய் எங்கே சொட்டும்? ஒரு பாட்டிலைத் திறந்து அவரே என் கையில் ஊற்றினார். பிறகு ஒரு கருங்கல்லைக் கொடுத்து, "சிலிண்டர சும்மா தட்டுங்கண்ணா" என்றார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தலைமுடி கனம் இடைவெளிக்காக மூன்று தரம் லேத்துக்கு நடந்தவன் நான். அந்தச் சிலிண்டரைக் கல்லால் தட்டினேன். தட்டச் சொன்னார்கள், தட்டினேன். இதை எழுதும்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

நேரம் எடுக்கிற மிஷின் எதையும் யாரும் இறக்கவில்லை. மூன்று தரம் வாயெடுத்து, நான்காவது தரம்தான் சத்தம் வந்தது. "சார், டைம் பாக்குற மிஷினு?"

பங்களாக்காரர் கார் மேல் பொட்டலத்தைப் பிரித்து பிரியாணி தின்றுகொண்டிருந்தார். எலும்பை உறிஞ்சி, நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல் துப்பினார். "அதெல்லாம் எதுக்குப்பா? நம்பர இவரு எடிட்டிங்ல போட்டுடுவாரு."

"எவ்ளோ சார் போடலாம்?" என்றார் தாடிக்காரர்.

"நூறுன்னு போட்டா பொய்னு தெரிஞ்சிடும். நூத்திப் பதினொண்ணு மைல் போடு. அதுல ஒரு உண்மை மாதிரி இருக்கு."

அவர்கள் சிரித்தார்கள். அவர் தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு, மூன்றாவது கியரில், கல்யாண ஊர்வலம் மாதிரி கேமராவைத் தாண்டி மூன்று தரம் போய்வந்தார். அவ்வளவுதான். "வண்டிய பங்களாவுல எறக்கிடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எலும்பும் இலையும் ஓடுபாதையில் கிடந்தன. ஈ மொய்த்தது.

பிக்கப் டிரைவர் பலகையைச் சாய்த்தார். என் மனைவி அசையவில்லை.

"ஓட்டுய்யா," என்றாள்.

"மே, அது அந்தாளு வண்டி," என்றேன்.

"வண்டி அந்தாளுது. ரெண்டு வருசம் நம்ம வூட்ல நாறுனது யாருது?"

"உழுந்துட்டா?"

"உழுந்தா இன்னா? பிக்கப்பு நிக்குது. சேத்து ஏத்திக்குவோம்."

டிரைவர் சிரித்துக்கொண்டே தோளில் இருந்த சிவப்புத் துண்டை உருவினார். "அக்கா, இந்தக் கோட்டத் தாண்டுனதும் நான் துண்ட எறக்குறேன். நீங்க அந்தக் கோட்டுல நின்னு போன்ல அமுத்துங்க."

டேங்கின் மேல் தாடையை வைத்துப் படுத்தேன். நான்காவது கியர் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிவப்பு ஒன்று கீழே விழுந்தது தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு விளக்கெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. ஆக்சிலேட்டரை மட்டும் விடவில்லை. போகும்போது ஒன்பது புள்ளி ஆறு விநாடி. திரும்பும்போது காற்று நெஞ்சில் அடித்தது. பத்து புள்ளி நாலு. இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

மனைவி பத்தாவது படித்தவள். போனிலேயே கணக்குப் போட்டாள். போகும்போது மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். வரும்போது நூற்று முப்பத்தெட்டு. கூட்டிப் பாதி, நூற்று நாற்பத்து நாலு. மைலில் தொண்ணூறுக்குக் கொஞ்சம் கீழே.

"பத்து மைலு கொறச்சல்," என்றேன்.

"கொறச்சல்தான்," என்றாள். "வாய தொட."

தோற்றுவிட்டேன். ஆனால் அது அளந்து பார்த்த தோல்வி. எங்கே அந்தப் பத்து மைல் தங்கிவிட்டது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பிஸ்டன் இன்னும் கனம். வால்வு ஸ்பிரிங் சோம்பேறி. வண்டியைப் பங்களாவில் இறக்கினேன். அதற்குப் பிறகு அது கண்ணாடி அறையில் நிற்கிறது. ஒரு தரம்கூட என்னிடம் வரவில்லை.

வீடியோ வந்தது. தரையை உப்பு மாதிரி வெள்ளையாக்கியிருந்தார்கள். நான் வெற்று உடம்போடு கல்லால் தட்டுகிறேன், காயை நசுக்குகிறேன். என் எஞ்சினைக் கெடுத்த காய்ச்சின எண்ணெய்தான் மலையின் ரகசியம் என்று ஒரு குரல் சொல்கிறது. கடைசியில் பெரிதாக 111.

"இன்னா மாமா, நூத்திப் பதினொண்ணா! மலைக்கே பேரு வாங்கிக் குடுத்துட்ட," என்றார்கள் டீக்கடையில். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எந்த ஸ்பிரிட்டில் கழுவுவது?

பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். 111 என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். "நன்றி" என்றேன். ஒரே வார்த்தை. பிள்ளைகள் கை தட்டின. வீட்டில் கேடயத்தை டிவி மேல் வைத்தேன். மனைவி அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

போன வாரம் ஷெட்டுக்கு முன்னால் ஒரு ஜீப் நின்றது. பின்னால் ஒரு பைக் கிடந்தது. ஜீப்பில் வந்தவர் எனக்குத் தெரிந்த விவசாயி. பைக்கில் புளி மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்கு இறங்குகிறவர். வலது கை கழுத்துத் தூளியில் தொங்கியது. கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் நின்று, தூக்கி எறிந்துவிட்டதாம். தோள் எலும்பு விட்டுப்போயிருந்தது.

எஞ்சினைப் பிரித்தேன். மூடி திறக்கும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. உள்ளே அதே பழுப்புப் பிசின்.

"இன்னா மாமா ஊத்தின?"

"நீ ஊத்துனதுதான்," என்றார். "வூட்ல காச்சுன வௌக்கெண்ண. போன்ல பாத்தேனே. உனுக்கு நூத்திப் பதினொண்ணு ஓடுச்சி, எனுக்கு மட்டும் இன்னா ஆச்சி?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். என்னை நம்பித்தான் ஊற்றினார்.

அவர் ஒருவர்தான் எதிரில் இருந்தார். நாலு பேர் இல்லை. அதனால் சொன்னேன். "எனுக்கும் இப்டித்தான் ஆச்சி மாமா. அந்த நம்பரும் பொய்யி."

"இத மைக்குல சொல்றதுக்கு இன்னா?" என்றார். அவர் எஞ்சினை நான்கு நாள் கழுவினேன். இந்தத் தடவை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

நாளைக் காலை கேடயத்தையும் இந்த நோட்டையும் பள்ளிக்கூடத்தில் கொடுக்கப்போகிறேன். கை தட்டின பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியரே படித்துக் காட்டட்டும். அவருக்கு வாய் வரும்.

காய்ச்சின விளக்கெண்ணெயை எந்த வண்டியிலும் ஊற்றாதீர்கள்.

"எத்தினி போட்ட?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்கிறாள்.

"நூத்தி நாப்பத்தி நாலு."

"ரெண்டு பக்கமும் எழுதுய்யா."

போகும்போது 150. வரும்போது 138. கூட்டிப் பாதி 144 கிலோமீட்டர். நூறு மைல் ஓடவில்லை.

புரட்டாசி மாதம் ஏழாம் தேதி.