வலமாகச் சுற்றிய தீவு

மொரிஷியஸ் தீவை வலமாகத்தான் சுற்றினோம் என்று திருத்தணியில் யாரிடம் சொன்னாலும் ஏன் என்று கேட்பதில்லை. வேறு எப்படிச் சுற்றுவார்கள் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, அங்கே சாப்பாடு எப்படி, வெயில் எப்படி என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். சென்னையில் இருக்கும் என் தங்கை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். கதையை வால்பக்கமிருந்து கேட்டால் என்ன புரியும் என்றாள். நன்றாகவே புரிந்தது. நேராகக் கேட்டிருந்தால்தான் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

என் மகள் அந்தத் தீவில் வேலை பார்க்கிறாள். தாங்களே கார் ஓட்டிக்கொண்டு ஊர் சுற்ற வருகிறவர்களுக்குக் குரல் வழிகாட்டி தயாரிக்கும் சின்ன கம்பெனி. அதைப் போனில் போட்டுக் காரில் வைத்துவிட்டால், கார் எந்த இடத்தை நெருங்குகிறதோ அந்த இடத்தின் கதையை அது தானாகப் பேசும். எங்கே திரும்ப வேண்டும் என்றும் சொல்லும். கூட ஓர் ஆள் வரத் தேவையில்லை. நம் ஊரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்களுக்காக அதில் தமிழும் உண்டு. அந்தத் தமிழ்க் குரல் என் மகளுடையது.

அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. மேற்கொண்டு இருப்பதானால் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் போனில் சொன்னாள்: "நீயும் நைனாவும் ஒருவாட்டி வந்து பாருங்கம்மா. நான் பேசினதக் கேட்டுகினே தீவ ஒரு சுத்து சுத்துங்க. அன்னிக்கு சாயந்திரம் நீயே சொல்லிடு. வான்னு சொன்னியானா பொட்டியக் கட்டிகினு உங்க கூடவே வந்துடறேன்." மறுநாள் காலையில் அவள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாய்ச்சொல் கொடுத்துவிட்டால் மாறமாட்டாள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு என்னிடமிருந்து போனது.

நான் 'வா' என்று சொல்லத்தான் விமானம் ஏறினேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தாலுகா ஆபீஸுக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அவள் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மனுவில் பாதி வரி எழுதிக்கொண்டிருப்பேன். எழுந்துபோய் வாசலில் நிற்பேன். பொதட்டூர்பேட்டை பஸ் போகும், திருப்பதி பஸ் போகும். எதிலும் நான் ஏற வேண்டியதில்லை, எதிலிருந்தும் யாரும் இறங்கப் போவதில்லை. ஆனாலும் நிற்பேன். "யம்மா, பட்டாவுல எம்பேரு வரல, அத்த எழுதும்மா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வருவேன்.

என் கணவர் வேறு மாதிரி. திருப்பதிக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஸ்டீரிங் கையில் இருந்தால் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தீவிலும் வண்டிகள் நம்மைப் போல இடப்பக்கமாகவே போகின்றன என்று தெரிந்ததும், "அப்போ நம்ம ஊருதான்" என்று சொல்லிவிட்டார்.

சுற்றக் கிளம்பிய அன்று காலை மகள் வேலைக்குப் போய்விட்டாள். வாடகைக் காரைக் கொண்டுவந்து விட்ட பையனை என் கணவர் போகவிடவில்லை. எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் மலைக்கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யாரும் ஓட்டமாட்டார்கள். வாடகைக் காராக இருந்தாலும் முதல்முறை கை வைக்கும்போது அவருக்கு அது ஆக வேண்டும். கடையில் பச்சை எலுமிச்சைதான் கிடைத்தது. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து ஏற்றினார். அந்தப் பையன் குனிந்து குனிந்து பார்த்தான். டயரில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான்.

மகளின் அறை தீவின் வடக்குக் கோடியில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கடலோரமாக, சிவப்புக் கூரை போட்ட தேவாலயம் ஒன்று. அங்கேதான் வழிகாட்டி தொடங்குகிறது. சுற்றி முடித்தபிறகு அங்கேயே காத்திருக்கச் சொல்லியிருந்தாள். தெருமுனையில் போனின் அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. இவர் வலப்பக்கம் திருப்பினார்.

"அம்பு அந்தப் பக்கமில்ல காட்டுது?"

"நடுவுல இன்னா கீது? மலை. மலைய யாராவது எடமா சுத்துவாங்களாமே? அம்புக்கு இன்னா தெரியும்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. கோயிலானாலும் மலையானாலும் எங்களுக்கு வலம்தான். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில், கொள்ளிக்குடம் தூக்கிக்கொண்டு. மகள் வாழ்க்கையைப் பற்றிப் பேசவிருக்கும் நாளில் அதை யார் செய்வார்கள்? ஒரு சுற்றுதானே, எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்குத்தானே வருவோம் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் போன் பேசியது. "நம் பயணம் இத்துடன் நிறைவடைகிறது. இவ்வளவு நேரம் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை." கடைசியில் ஒரு சிரிப்பு. என் கணவரும் சிரித்துவிட்டார். "இன்னும் ரெண்டாவது கியரே போடல, அதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்" என்றார்.

கிழக்குக் கரை முழுக்கக் கரும்பு. எங்கள் பக்கத்திலும் கரும்பு உண்டு, ஆனால் இங்கே கடலைத் தொடுகிற மட்டும் இறங்கி நிற்கிறது. வயலுக்கு நடுவில் கறுப்புக் கற்களைக் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். "அந்தக் கற்கள், நிலத்தைப் பண்படுத்த வந்த கூலிக்காரர்கள் பொறுக்கிப் போட்டவை" என்றது குரல். "அவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். முதுகு எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்தே வருகிற உங்களுக்கே இந்நேரம் வலித்திருக்கும். பக்கத்திலேயே ஒரு கடை இருக்கிறது, இறங்கி டீ குடியுங்கள்." பக்கத்திலேயே கடை இருந்தது. டீயும் நன்றாக இருந்தது. இவருக்கு ஒரே பெருமை. கடைக்காரம்மாவிடம் போனைக் காட்டி "மை டாட்டர், மை டாட்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. தினமும்தான் போன் பேசுகிறோம். சாப்டியா? சாப்ட்டேன். நல்லா கீறியா? நல்லா கீறேன். முடிந்தது. முகம் தெரியாத சுற்றுலாக்காரனுக்கு இவ்வளவு கிண்டலும் சிரிப்பும், பெற்றவளுக்கு இரண்டு வார்த்தை. இவளை இங்கே விட்டுவைத்தால் கை நழுவிப் போய்விடுவாள், இன்று சாயந்திரம் முதல் வார்த்தையே அதுதான் என்று முடிவு கட்டினேன். கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன். புளிசாத டப்பாவை மடியிலிருந்து கீழே வைத்தேன், மறுபடி மடியில் வைத்தேன். வெயில் என் கன்னத்திலேயே அடித்தது. "கொஞ்சம் சும்மா குந்துமே, வண்டியே ஆடுது" என்றார் இவர்.

தெற்கே கடல் பாறைச் சுவரில் நேராக வந்து மோதுகிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். "காலையில் நாம் பார்த்த உப்பளம் நினைவிருக்கிறதா?" என்று குரல் கேட்டது. "இன்னும் பாக்கலமா" என்று இவர் அதற்குப் பதில் சொன்னார். குரல் மேலே பேசிக்கொண்டே போனது. பாறையின் வயது, அலையின் வேகம், ஓரத்துக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை. ஒரு கிண்டலும் இல்லை. இடம் அப்படி, ஆபத்தான இடம், அதனால்தான் அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேற்கே திரும்பி ஏறியபோதும் கிண்டல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே சுருதியில் வந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி. மூச்சு எடுப்பது கேட்டது. கரை ஓரத்தில் பெரிய அழகான மலை ஒன்று தனியாக நின்றது. அதைப் பற்றி அவள் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. குரலை மட்டும்தான் கேட்டேன். சளி பிடித்தவள்போல மூக்கடைத்த குரல்.

பிறகு உப்பளம் வந்தது. சதுரம் சதுரமாகக் கல் பாத்திகள், நடுவில் வெள்ளைக் குவியல்கள். "இந்த உப்பைப் பெண்கள்தான் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து..." என்று தொடங்கிய குரல் அங்கேயே நின்றது. போன் அணைந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். அணையவில்லை. உள்ளே யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சுமந்து வருவார்கள்" என்று அந்த வாக்கியத்தை முடித்தாள். அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பேசச் சொல்ல அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை போல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'இன்னிக்கு உப்பளம் முடிச்சேம்மா' என்று அவள் போனில் சொன்ன நாள் நினைவு வந்தது. அவள் ஊரைவிட்டுப் போன புதிது. வழிகாட்டியை அவர்கள் ஒரே மூச்சில் செய்யவில்லை. தேவாலயத்தில் தொடங்கி, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று துண்டு துண்டாக, ஒப்பந்தக் காலம் முழுக்கச் செய்திருக்கிறார்கள். நாங்கள் வலமாகச் சுற்றிக்கொண்டு, காலையில் இன்றைய மகளைக் கேட்டுவிட்டு, பொழுது சாயச் சாய முதல் வருஷத்து மகளிடம் போய்க்கொண்டிருந்தோம்.

இவர் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணாடி வழியாக உப்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கொரலோட கீறப்போதான் நம்மகிட்ட நல்லா கீறேன்னு சொல்லிகினு இருந்தாளா?"

"ஆங்."

"கூட்டினு போயிடலாமே. இன்னிக்கே சொல்லிடு. போதும் இந்த வேலை."

ஊரில் என் கடையில் எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் 'எல்லாம் நல்லாதாங்க கீது' என்றுதான் சொல்வார்கள். குரலை வைத்துத்தான் எனக்கு மனு என்னவென்று தெரியும். அப்பேர்ப்பட்ட காதுக்கு என் மகள் போனில் தப்பித்திருக்கிறாள். அவள்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அங்கேயே இறங்கி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவள் எந்த ஆபீஸில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

தலைநகரைத் தாண்டும்போது நல்ல நெரிசல். இவர் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஓட்டினார். நான் கதவுப்பிடியை விடவே இல்லை. ஊர்ந்து ஊர்ந்து வடக்கே வந்து, சிவப்புக் கூரைத் தேவாலயத்தருகே நிறுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அங்கேதான் வரவேற்புரை வந்தது.

"வணக்கம். இந்தத் தீவுக்கு உங்களை வரவேற்கிறோம். புது இடம் என்று உங்களுக்குப் பயமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம். எவ்வளவு தூரம் போனாலும் இந்தச் சாலை இங்கேயே திரும்பி வந்துவிடும்."

பயப்பட வேண்டாம் என்று சொல்கிற குரல் நடுங்கியது. சின்ன வயதில், எங்கள் ஊர் மலைப்படியில் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டு, தேடிக் கண்டுபிடித்தபோது அழாமல் அவள் பேசிய குரல் அது. யாருக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

நான் காரைவிட்டு இறங்கிக் கடற்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இவர் சொன்னது எனக்கும் இனித்தது. ஆனால் யாரைக் கூட்டிக்கொண்டு போவது? இந்த நடுங்குகிற பெண்ணைக் கூட்டிப்போக நான் வந்திருக்க வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. என் உதவி இல்லாமல், எனக்குத் தெரியாமலே, தன்னைத் தானே தேற்றிக்கொண்டு அவள் உப்பளத்திலிருந்து கரும்புக்காடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறாள். காலையில் எனக்கு எரிச்சல் மூட்டினதே, அந்தக் கிண்டல், அதை அவள் ஒவ்வொரு நாளாகச் சம்பாதித்திருக்கிறாள். இப்போது வா என்றால் வந்துவிடுவாள். வீட்டில் உட்கார்ந்து சாப்டியா என்றால் சாப்ட்டேன் என்பாள். நாங்கள் இன்று வந்த வழியிலேயே அவளையும் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வந்ததாகும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வந்தாள். தோளில் பை, கையில் எங்களுக்கு ஏதோ பலகாரப் பொட்டலம்.

"இன்னா நைனா, வழி தப்பாம வந்தியா?"

"வலமா சுத்திகினு வந்தோம்" என்றார் இவர்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். உடனே நிறுத்திவிட்டாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ மொதமொதல்ல பேசினதக் கடைசியில கேட்டீங்களா?"

"ஆங்" என்றேன். "உப்பளமும் கேட்டோம்."

அவள் பொட்டலத்தைக் கார் மேல் வைத்தாள். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கையெழுத்தப் போட்டுடு" என்றேன்.

அவள் நம்பவில்லை. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ வான்னு சொல்லுவேன்னு நெனச்சிகினு வந்தேம்மா. பொட்டிகூட பாதி கட்டிட்டேன்."

"அத்த சொல்லத்தான் நானும் வந்தேன்."